கையொப்பப் போர்வைக்கான துணித் துண்டுகளை விழாவுக்கு முன் ஆயத்தம் செய்தல்

ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலையில் நெடுங்காலம் கற்பித்த ஆசிரியை ஒருவர் ஜூலை மாதத்தில் ஓய்வு பெறுகிறார் என்றும், அவருடைய பிரிவுபசார விழாவுக்கு வரும் பழைய மாணவர்களும் பெற்றோரும் ஆக எண்பது பேரளவில் துணித் துண்டுகளில் கையொப்பமிட, அவற்றை இணைத்து ஒரு போர்வையாகத் தைத்து அவருக்குக் கொடுக்க விரும்புகிறீர்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். எந்தத் துணியை வாங்குவது, எந்தப் பேனையால் எழுதச் சொல்வது, துவைத்தாலும் மை போகாதிருக்க என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். பண்டாரவளையில் தையல் வகுப்பு நடத்துபவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்தவற்றை விரிவாகவே எழுதுகிறேன். தையலில் பிழை நேர்ந்தால் பிரித்துத் தைத்துக்கொள்ளலாம். ஆனால் கொழும்பிலிருந்து இரவு பஸ் ஏறி வந்து ஒரு பெயரை எழுதிவிட்டுப் போகிறவரை, மை ஊறிவிட்டது என்று சொல்லி மறுபடியும் அழைக்க முடியாது. ஆகையால் இந்தப் போர்வையின் தரம் விழாவுக்கு முந்திய வாரங்களில் நீங்கள் செய்யும் ஆயத்தத்திலேயே பெரும்பாலும் தீர்மானமாகிவிடும்.

முதலில் அளவைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். தைத்து முடிந்தபின் ஒவ்வொரு சதுரமும் 6 அங்குலமாகத் தெரிய வேண்டும் என்று வைத்துக்கொண்டால், அகலத்தில் 8, நீளத்தில் 10 என 80 சதுரங்கள் சேர்ந்து 48 அங்குல அகலமும் 60 அங்குல நீளமும் வரும்; சுற்றிலும் 6 அங்குலக் கரை வைத்தால் 60க்கு 72 ஆகிவிடும், ஒருவர் போர்த்திக்கொள்ள அது தாராளமாகப் போதும். தையலுக்கு ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலம் வேண்டுமென்பதால் தைக்கும்போது துண்டு 6½ அங்குலமாக இருக்க வேண்டும். ஆனால் எழுதக் கொடுக்கும் துண்டை 7 அங்குலமாகவே வெட்டுங்கள். எவ்வளவு சொல்லிக் கொடுத்தாலும் சிலர் ஒரு பக்கமாகத் தள்ளித்தான் எழுதுவார்கள். அந்த மேலதிக அரை அங்குலம் இருந்தால் பின்னர் எழுத்தை நடுவுக்குக் கொண்டுவந்து வெட்டிக்கொள்ள இடமிருக்கும். 80 பேருக்கு 100 துண்டுகள் வெட்டுங்கள். 45 அங்குல அகலத் துணியில் 7 அங்குலத் துண்டுகள் ஆறு வரும் என்று காகிதத்தில் தோன்றினாலும், துவைத்துச் சுருங்கி, இரு ஓரக் கரைகளும் கழிந்தபின் ஐந்துதான் நிச்சயமாக வரும். அந்தக் கணக்கில் 20 வரிசைகளுக்கு 140 அங்குலம் தேவை. சுருக்கத்தையும் சேர்த்து 4 மீற்றர் வாங்கிவிடுங்கள். ஓரத்தில் நீளமாக மிஞ்சும் துணியை எறிந்துவிட வேண்டாம், மையைச் சோதிக்க அதுவே உதவும்.

துணி முழுப் பருத்தியாக இருக்க வேண்டும். இழை நெருக்கமாக இருக்க வேண்டும். நிறம் வெள்ளையாகவோ வெளிர் சந்தனமாகவோ இருக்க வேண்டும். நல்ல பருத்திப் பொப்லின் போதுமானது. வொயில் போன்ற மெல்லிய துணியில் எழுத்து நன்றாக விழுந்தாலும், இணைத்த பிறகு உள்ளே மடிந்திருக்கும் தையல் விளிம்புகள் வெளியே தெரியும். பாடசாலைச் சீருடைக்குக் கிடைக்கும் வெள்ளைத் துணியையே பயன்படுத்தினால் பொருத்தமாக இருக்குமே என்று உங்கள் மனத்தில் தோன்றக்கூடும். நல்ல எண்ணந்தான், ஆனால் சீருடைத் துணி என்பதற்காக அது முழுப் பருத்தி என்று நம்பிவிடக் கூடாது. பிடவைக் கடைக்காரர் சொல்வதையும் அப்படியே ஏற்றுக்கொள்ளாமல், ஓரத்திலிருந்து நாலைந்து இழைகளை உருவி, ஒரு தட்டின் மேல் பிடித்துத் தீக்குச்சியால் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிகிற மணத்தோடு எரிந்து, தொட்டால் பொடியாகும் சாம்பலை விடும். பொலியெஸ்டர் கலந்திருந்தால் இழை உருகிச் சுருண்டு, நகத்துக்கு அகப்படும் கடினமான மணியாக நின்றுவிடும். அந்த மணி வந்தால் அந்தத் துணி வேண்டாம்; மை அதில் பருத்தியில் பிடிப்பதுபோலப் பிடிக்காது, சூடான அயனையும் அது தாங்காது.

வாங்கிய துணியைத் துவைக்காமல் வெட்டக் கூடாது. புதுத் துணியின் மிடுக்குக்கும் பளபளப்புக்கும் காரணம் ஆலையில் ஏற்றிய கஞ்சியும் வேறு பூச்சுகளும் ஆகும்; மை அந்தப் பூச்சின் மேல் தங்கிவிட்டால், முதல் சலவையில் பூச்சோடு சேர்ந்து மையும் போய்விடும். வெந்நீரில் சவர்க்காரம் போட்டுத் துவைத்து, நுரை சிறிதும் இல்லாமல் மூன்று நான்கு தண்ணீரில் அலசுங்கள். துணியை மென்மையாக்கவும் மணமூட்டவும் விற்கப்படும் திரவங்களைச் சேர்க்க வேண்டாம், அவையும் இழையின் மேல் ஒரு படலத்தை விடுகின்றன. காய்ந்த பின் ஒரு சொட்டுத் தண்ணீரைத் துணியின் மேல் விட்டுப் பாருங்கள். சொட்டு உடனே உள்ளே இறங்கினால் துணி தயார். முத்தாக உருண்டு நின்றால் பூச்சு இன்னும் இருக்கிறது, மறுபடியும் துவையுங்கள். எழுதுவதற்கு விறைப்பாக இருக்கட்டும் என்று வீட்டில் கஞ்சி போடுவதும் இதே காரணத்தால் கூடாது. விறைப்புக்கு வேறு வழி உண்டு, அதைப் பின்னர் சொல்கிறேன்.

நம் பகுதியில் பலருக்கும் வரும் ஓர் ஆசையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். தேயிலைத் தோட்டத்து ஆசிரியைக்குக் கொடுக்கும் போர்வை என்பதால் துணியைத் தேயிலைச் சாயத்தில் முக்கி இளம் பழுப்பு நிறமாக்கலாம் என்று சொல்வார்கள். பார்க்க மிக அழகாக இருக்கும். ஆனாலும் வேண்டாம் என்றே சொல்வேன். தேயிலையிலுள்ள டனின் என்னும் துவர்ப்புப் பொருள் காலப்போக்கில் பருத்தி இழையை நலிவடையச் செய்யும், நிறமும் சீராக நிற்காமல் திட்டுத்திட்டாக மாறும். கையொப்பப் போர்வைகள் அமெரிக்காவில் 1840களில் பெரிதும் பரவின. அந்தக் காலத்துப் போர்வைகள் சிலவற்றில், இரும்பும் டனினும் சேர்ந்த மையால் எழுதிய இடங்களில் மட்டும் துணி அரித்துப்போய், பெயர் இருந்த இடத்தில் எழுத்தின் வடிவிலேயே ஓட்டை விழுந்திருக்கிறது. தேயிலையை நினைவூட்ட வேண்டுமானால் கரைத் துணியைக் கொழுந்துப் பச்சையில் தேர்ந்தெடுங்கள், அல்லது நான்கு மூலைகளிலும் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகத் தையல் வேலை செய்யுங்கள். பெயர் எழுதப்படும் துணி எதுவும் ஏறாத வெறுந்துணியாக இருக்கட்டும்.

இனிப் பேனை. சாதாரணப் பேனை மைகளில் பல, நீரில் கரையும் சாயத்தால் ஆனவை. பிக்மன்ட் மை என்பது மிக நுண்ணிய நிறத் துகள்களால் ஆனது. அந்தத் துகள்கள் இழைகளுக்கிடையே அகப்பட்டுக்கொண்டால் நீரில் கரைவதில்லை, வெளிச்சத்திலும் எளிதில் மங்குவதில்லை. ஜப்பானின் சகுரா நிறுவனம் 1982 இல் கொண்டுவந்த பிக்மா என்ற பிக்மன்ட் மையை நிரப்பிய பிக்மா மைக்ரான் பேனைகளைத்தான் போர்வை தைப்பவர்கள் உலகெங்கும் பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள். படம் வரைவோருக்கான பொருட்கள் விற்கும் கடைகளில் அவற்றைக் கேட்டுப் பாருங்கள். 01 என்ற இலக்கமுள்ள பேனையின் கோடு 0.25 மில்லிமீற்றர், 05 இன் கோடு 0.45, 08 இன் கோடு 0.50. எல்லோருக்கும் 05 ஐயே கொடுங்கள். 01 இன் மெல்லிய முனை இழை இடுக்கில் மாட்டிக்கொள்ளும், பழக்கமில்லாதவர் அழுத்தினால் உள்ளே போய்விடும். 08 இல் நம் எழுத்துகளின் சுழிகள் அடைபடும் அபாயம் உண்டு. ஞ, ண, ஜ ஆகியவற்றின் உட்சுழிகள் மை சிறிது பரவினாலும் மூடிக்கொண்டு கறுப்புப் பொட்டாகிவிடும்; அதற்கு நேர்மாறாக மெய்யெழுத்தின் புள்ளி இழை இடுக்கில் விழுந்து காணாமலே போய்விடும். ஆகையால் எழுத்துகளை வழக்கத்தைவிடப் பெரிதாகவும், புள்ளிகளைச் சிறு வட்டமாகவும் எழுதச் சொல்லுங்கள். சிங்கள எழுத்தில் எழுதும் நண்பர்களுக்கும் இதே அறிவுரை பொருந்தும். நிறத்தில் கறுப்பு, கபிலம் இரண்டு போதும்.

குமிழ்முனைப் பேனை, ஜெல் பேனை, காகிதத்துக்கான மார்க்கர் எதையும் மேசையில் வைக்க வேண்டாம். எதிலும் எழுதும் நிரந்தர மார்க்கர் ஏற்றதுபோலத் தோன்றும்; ஆனால் அதன் மதுசாரக் கலவை இழையோடு ஓடி எழுத்தைச் சுற்றி ஒளிவட்டம்போலப் படர்ந்து, ஆண்டுகள் செல்ல மஞ்சளாகும். எல்லாவற்றிலும் கவனிக்க வேண்டியது, மாணவர்கள் கொப்பிகளில் எழுதி அழிக்கப் பயன்படுத்தும் வெப்பத்தால் அழியும் மைப் பேனை. அந்த மை ஏறக்குறைய 60 பாகை செல்சியஸ் சூட்டில் நிறமிழந்துவிடும். அப்படி ஒரு பேனை தவறி வந்து ஒருவர் அதனால் எழுதிவிட்டால், நீங்கள் அயன் வைத்த கணத்தில் அவருடைய பெயர் கண்முன்னே மறைந்துபோகும். ஒவ்வொரு மேசையிலும் உங்கள் பேனைகளை மட்டும் வைத்து, சட்டைப் பையிலிருந்து சொந்தப் பேனையை எடுப்பவர்களிடம் அன்பாக மறுத்துச் சொல்ல ஒரு மாணவியை நிறுத்துங்கள். தூரத்திலிருப்பவர்களுக்குத் துண்டைத் தபாலில் அனுப்புவதானால் அதோடு பேனையையும் சேர்த்தே அனுப்ப வேண்டும், இல்லையென்றால் கையில் கிடைத்ததைக் கொண்டுதான் எழுதுவார்கள்.

துணியில் எழுதிப் பழகாதவருக்கு, பேனை போகும் பக்கமெல்லாம் துணியும் கூடவே இழுபடுவதுதான் பெரிய தொல்லை. வெளிநாடுகளில் ஒரு பக்கம் மட்டும் பிளாஸ்டிக் பூசிய ஃப்ரீஸர் தாளைத் துணியின் பின்புறம் அயன் செய்து ஒட்டி விறைப்பாக்கிக்கொள்கிறார்கள். அதைத் தேடி அலைய வேண்டியதில்லை. அதற்குப் பதிலாகச் சமையலறையில் பயன்படும் மெழுகுத் தாளை வைத்து அயன் செய்து பார்க்கவும் வேண்டாம், மெழுகு உருகித் துணியில் ஏறிவிடும். வீட்டிலுள்ள பழைய நாட்காட்டி அட்டைகளை 8 அங்குலச் சதுரமாக வெட்டி, வெள்ளைப் பக்கத்தின் நடுவில் 5 அங்குலச் சதுரம் ஒன்றைத் தடித்த கறுப்புக் கோட்டால் வரைந்து, அந்தக் கட்டத்துக்குள் வெளிர் நிறமுள்ள மிக நைசான உப்புத்தாளைத் தூசு தட்டி ஒட்டிவிடுங்கள். அதன் மேல் 7 அங்குலத் துண்டை நடுவாக விரித்து, நான்கு ஓரங்களிலும் மாஸ்கிங் டேப் ஒட்டினால் உப்புத்தாள் துணியை நகரவிடாமல் பிடித்துக்கொள்ளும், கீழேயிருக்கும் கறுப்புக் கோடு துணியூடாக மங்கலாகத் தெரிந்து எழுத வேண்டிய எல்லையைக் காட்டும். துணியில் நாம் எந்தக் கோடும் போடவில்லை என்பதுதான் இதன் சிறப்பு. தண்ணீரில் போகும் நீல மைப் பேனையால் எல்லை வரைவோர் உண்டு. அந்தக் கோட்டைக் கழுவாமல் அயன் செய்தால் அது நிரந்தரமாகத் தங்கிவிடும், இங்கேயோ கழுவுவதற்கு முன் அயன் செய்தாக வேண்டும். இப்படியான அட்டைகள் பத்து இருந்தால் விழாவுக்குப் போதும், ஒருவர் எழுதியதும் துண்டைக் கழற்றி அடுத்ததைப் பொருத்திக்கொள்ளலாம். டேப் ஒட்டிய நிலையில் ஒருபோதும் அயன் வைக்க வேண்டாம், பசை துணியில் இறங்கிவிடும்.

வெட்டும்போது இழையோட்டத்தை நேராகப் பார்த்து வெட்டுங்கள். கோணலாக வெட்டிய சதுரம் தைக்கையில் இழுபட்டு வடிவம் கெடும். ஒவ்வொரு துண்டின் கீழ்மூலையிலும், விளிம்போடு ஒட்டினாற்போல, பென்சிலால் ஓர் இலக்கம் எழுதிவையுங்கள். அந்த மூலை பின்னர் வெட்டுண்டுபோகும் அல்லது தையலுக்குள் மறைந்துவிடும். அதே இலக்கத்துக்கு எதிரே ஒரு கொப்பியில் எழுதியவரின் முழுப் பெயரையும், படித்த ஆண்டையும், தோட்டத்தின் பெயரையும் பதிந்துகொள்ளுங்கள். இன்று எல்லோருக்கும் தெரிந்த கையொப்பம் இருபது ஆண்டுகளுக்குப் பின் யாருடையது என்று கேட்கப்படும். அந்தக் கொப்பியையும் போர்வையோடு சேர்த்து ஆசிரியையிடம் கொடுப்பது நல்லது.

நீங்கள் இருக்கும் பக்கத்துக் காலநிலைதான் எனக்குள்ள பெருங்கவலை. ஜூலையில் ஊவாப் பக்கம் எங்களுக்குக் கச்சான் காற்று வீசிக் காலையில் போட்ட துணி மதியத்துக்குள் காய்ந்துவிடும். அதே நாட்களில் ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கங்களில் தென்மேற்குப் பருவமழை ஓயாமல் பெய்யும். பருத்தி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிவைத்திருக்கும். தொட்டால் காய்ந்ததாகத் தோன்றும் துணியில்கூட மை இழையோடு ஓடிக் கசியும். முடியுமானால் துவைக்கும் வேலையை மார்ச் மாத வெயிலிலேயே முடித்து, வெட்டிய துண்டுகளை அகலமான பிஸ்கட் தகரத்தில் தட்டையாக அடுக்கி மூடிவையுங்கள். அடுப்படிப் பரணில் காயவைக்க வேண்டாம், விறகுப் புகையின் மணமும் கறையும் ஏறினால் பிறகு எளிதில் போகாது. விழா அன்று காலையில் எல்லாத் துண்டுகளையும் நீராவி இல்லாமல் ஒருமுறை அயன் செய்து, சூடு ஆறியதும் தகரத்தில் போட்டு, தேவைப்படும்போது மட்டும் எடுங்கள். எழுதும் மேசை வாசலருகே இருக்கக் கூடாது, குடைத் தண்ணீர் அங்கேதான் சொட்டும். தேநீர் பரிமாறும் இடத்துக்கும் அதற்கும் நல்ல இடைவெளி இருக்கட்டும். கை துடைக்க ஒரு துவாயும், எழுதிப் பழக மிஞ்சிய துணியில் வெட்டிய சிறு துண்டுகளும் மேசையில் இருக்க வேண்டும். ஒரு சொல்லைப் பழகிப் பார்த்தவர் அடுத்ததைப் பயமில்லாமல் எழுதுவார். அழுத்தாமல், மெதுவாக, மை இறங்க நேரம் கொடுத்து எழுத வேண்டும் என்பதைப் பேச்சில் சொல்வதைவிட, நீங்களே எழுதிய ஒரு மாதிரித் துண்டை மேசையில் வைத்துக் காட்டுவது பயன் தரும். பெயரும் ஆண்டும் ஒரு வரி வாழ்த்தும் ஐந்து அங்குலத்துக்குள் அழகாக அடங்கும். அதற்கு மேல் எழுதத் தொடங்கினால் எழுத்து சிறுத்துவிடும்.

வருகிற பெற்றோரில் எழுதத் தெரியாத மூத்தவர்கள் இருப்பார்கள் என்பதை முன்கூட்டியே நினைத்துவையுங்கள். சம்பளப் புத்தகத்தில் கைநாட்டு வைத்து வாழ்ந்த ஒரு தாயிடம், தன் பிள்ளைக்கு எழுத்தறிவித்த ஆசிரியையின் விழாவிலும் எல்லோர் முன்னிலையிலும் பெருவிரலை நீட்டச் சொல்வது அவரை வருத்தக்கூடும். முத்திரை மைப் பெட்டியின் மை பொதுவாகச் சலவையைத் தாங்காது என்பதால் அது வேலைக்கும் ஆகாது. அவர்களிடம் ஒரு கொழுந்தை வரைந்து தரச் சொல்லுங்கள். வாழ்நாள் முழுவதும் லட்சக்கணக்கில் கிள்ளியெடுத்த இரண்டு இலையையும் ஒரு மொட்டையும் அவர்களைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை. கை நடுங்கி வரைந்தாலும் அது அவர்களுடைய கையின் அடையாளமாகவே நிற்கும். அதன் கீழே பெயரைப் பேரப்பிள்ளை ஒருவர் எழுதட்டும். விரல் அடையாளம்தான் வேண்டும் என்று அவர்களே விரும்பினால், துணிக்கான வர்ணத்தைப் பஞ்சில் மெல்லியதாகத் தடவிப் பதிக்கலாம். பார்வை மங்கியவர்களுக்காகச் சன்னலருகே வெளிச்சமான ஓர் இருக்கையை ஒதுக்கிவையுங்கள்.

விழா முடிந்ததும் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் வீட்டுக்குள் விரித்து ஒரு நாள் முழுவதும் காயவிடுங்கள். மறுநாள் பின்புறத்திலிருந்து, பருத்திக்குரிய சூட்டில், நீராவி இல்லாமல், இடையில் ஒரு வெள்ளைத் துணியை வைத்து ஒவ்வொன்றையும் நன்றாக அயன் செய்யுங்கள். சூடு மை பிடிக்க உதவும். இதே முறையை விழாவுக்குச் சில வாரங்களுக்கு முன்பே சோதனைத் துண்டில் செய்துபார்த்து, குளிர்ந்த நீரில் உங்கள் வீட்டில் வழக்கமாகப் போடும் சவர்க்காரத்தால் இரண்டு மூன்று தடவை துவைத்துப் பாருங்கள். அந்தத் துணியும் அந்தப் பேனையும் அந்தச் சவர்க்காரமும் ஒத்துப்போகின்றனவா என்பதை வேறு எந்த வழியாலும் நிச்சயப்படுத்த முடியாது. மை மங்கினால் பேனையையோ துணியையோ மாற்ற அப்போதுதான் அவகாசம் இருக்கும்.

6½ அங்குலமாக வெட்டும் வேலையை அயன் செய்த பிறகே தொடங்குங்கள். தடித்த அட்டையில் 6½ அங்குலச் சதுர ஓட்டை வெட்டி, அந்தச் சட்டத்தைத் துண்டின் மேல் வைத்து நகர்த்திப் பாருங்கள். எழுத்து நடுவில் வந்து நிற்கும் இடத்தில் பென்சிலால் கோடிட்டு வெட்டுங்கள், கால் அங்குலத் தையலுக்குள் எந்த எழுத்தின் கொம்பும் காலும் அகப்படாதவாறு பார்த்துக்கொள்ளுங்கள். எழுதப்படாமல் மிஞ்சும் துண்டுகளைத் தைக்கத் தொடங்கும்வரை தகரத்திலேயே வைத்திருங்கள். விழாவுக்கு வர முடியாமல் மறு வாரம் வீட்டுக்கு வந்து கேட்பவர்கள் எப்போதும் இருப்பார்கள்.